ஹாயா வீட்டுக்குச் சிவப்புச் சுடிதார்

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கக் கிளம்பும்போது, எங்களை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரர்கள் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். குக்கர், புளி, சாம்பார்ப் பொடி, பிளக் அடாப்டர், ஆறு மாதத்துக்கான மாத்திரை என்று எல்லாம் இருந்தது. உடுப்பு என்ற இடத்தில் ‘பருத்தி ஆடைகள்’ என்பதோடு சரி. அம்மா எட்டுச் சுடிதார் அடுக்கினாள். அதில் ஒன்று தீபாவளிக்கு விருதுநகரில் எடுத்த குங்குமச் சிவப்பு, கழுத்தில் ஜரிகை. “போற இடத்துல பளிச்சுன்னு இருக்கணும்டி” என்று அதை மேலாக வைத்தாள். கறுப்பில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் கறுப்புத் துணி எடுக்க மாட்டார்கள். அந்த எட்டுச் சுடிதாரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை அடுத்து வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். ஒரு வாரம் தலையணையில் முகம் புதைத்து அழுததும் மிச்சமாகியிருக்கும்.

பிலிப்பைன்ஸின் தெற்கே இருக்கும் டாவாவ் நகருக்கு வந்து சேர்ந்தது 2022 ஏப்ரலில். மாடியில் ஒரு அறை எனக்கு, மாதம் 5,000 பெசோ வாடகை. கீழே வீட்டுக்கார அம்மா, அவருடைய வயதான தாயார், வேலைக்குப் போகும் மகள், இரண்டு பேரக்குழந்தைகள். அத்தை, சித்தி முறையில் இருப்பவர்களை இங்கே தீத்தா என்பார்கள். பாட்டி லோலா. மூத்த அக்கா என்றால் ஆத்தே. எங்கள் ஊரில் பயந்தால் வாயில் வரும் சொல் அது. முதல் வாரம் அந்த மகளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வந்த மாதமே முதல் பாடம். அது ஜனாதிபதித் தேர்தல் நேரம், மே 9 அன்று ஓட்டு. நான் ஒன்றும் தெரியாமல் ரோஸ் நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஜீப்னியில் ஏறினேன். எதிரே இருந்த பெரியவர் மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார், வண்டியே சிரித்தது. வீட்டுக்கு வந்து ஆத்தேயிடம் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ரோஸ் அப்போது லெனி ரோப்ரெடோ கட்சிக்காரர்களின் நிறம். சிவப்பு மகன் மார்கோஸ் தரப்புக்கு. பச்சை துணை ஜனாதிபதிக்கு நின்ற சாரா டுட்டர்டேவுக்கு, அவருக்கோ டாவாவ் சொந்த ஊர். மஞ்சளுக்கு இன்னும் பழைய கதை. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அகினோ நாடு திரும்பியபோது வரவேற்க மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள், அவரை விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி கோரி மஞ்சளையே உடுத்தி 1986இல் அப்பா மார்கோஸை ஆட்சியிலிருந்து இறக்கினார். கறுப்புச் சிவப்புக் கரை வேட்டியைப் பார்த்ததும் ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதை விளக்கவே வேண்டாம். தேர்தல் வருடத்தில் ஒற்றை நிறத்தில் தலைமுதல் கால்வரை போகாதீர்கள், பூப்போட்டது போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கோபப்படவும் இல்லை.

லோலாவுக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. அவர் பேசியது பிசாயா, நான் பேசியது அரைகுறை ஆங்கிலம். ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளும் இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியை மாடிப்படியின் பாதி வரைக்கும் ஏறி வந்து கொடுத்தது அவர்தான். மதியத்துக்கு மேல் இங்கே அடிக்கடி இடி இடிக்கும். ஒருநாள் நான் அந்தக் குங்குமச் சிவப்பைப் போட்டு வாசலில் நின்றபோது வானம் உறுமியது. லோலா உள்ளேயிருந்து “பூலா! பூலா!” என்று கத்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். பூலா என்றால் சிவப்பு. சிவப்பு உடுத்தினால் மின்னல் தேடி வரும் என்று இங்கே பழைய ஆட்கள் நம்புகிறார்கள். மாற்றிக்கொண்டு வரும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சுடிதாரை எப்போது போட்டாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் என்னைப் பார்ப்பார்.

2023 பிப்ரவரியில் லோலா போய்விட்டார்.

நான் கல்லூரியிலிருந்து சாயங்காலம் திரும்பியபோது வீட்டு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை போட்டுச் சீட்டாட்டம், கெட்டிலில் காபி, தட்டுகளில் வேர்க்கடலையும் பிஸ்கட்டும். யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் என்ன விசேஷம் என்றேன். “ஹாயா” என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாரும் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் தமிழ் மூளைக்குப் பட்டது. மணிலா பக்கம் லாமாய் என்று சொல்வதை இங்கே பிசாயாவில் ஹாயா என்கிறார்கள். இழவு வீட்டில் பிணத்தோடு இரவெல்லாம் விழித்திருப்பது. உள்ளே கூடத்தில் வெள்ளைப் பெட்டி, மேலே கண்ணாடி, அடியில் லோலா, உதட்டில் சாயம். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. மாடிக்குப் போய் அழுதேன்.

நம் ஊரில் ஒரே நாளில் எடுத்துவிடுவோம். இங்கே உடலைப் பதப்படுத்தி மூன்று நாளோ ஏழு நாளோ வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை வந்து சேர வேண்டும், அதுதான் பெரும்பாலும் காரணம். தீத்தாவின் தம்பி வளைகுடாவில் இருந்தார், ஏழு இரவு என்று முடிவானது. அந்தச் சீட்டாட்டமும் கூத்துக்காக நடப்பதில்லை. ஜெயித்தவர் பணத்தில் ஒரு பங்கு சவப்பெட்டிச் செலவுக்கு வீட்டுக்காரர்களிடம் போகும். தூக்கம் வராமல் ஆட்களை உட்கார வைக்கவும் அதுதான் வழி. இது தெரியாமல் முதல் இரவு அவர்கள்மேல் எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதல் இரவு பழைய சாம்பல் நிறச் சுடிதாரில் இறங்கினேன், எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டாம் நாள் மழை, துவைத்தது எதுவும் காயவில்லை. காய்ந்து இருந்தவை இரண்டு: ரோஸ் ஒன்று, அந்தக் குங்குமச் சிவப்பு ஒன்று. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். லோலாவின் கொள்ளுப்பேரக் குழந்தைகள் இரண்டும் பெட்டிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன, இரண்டுக்கும் புத்தம் புதுச் சிவப்புச் சட்டை. வீட்டுப் பிள்ளைகளுக்கே சிவப்புப் போட்டிருக்கிறார்கள் என்றால் இங்கே சாவுக்குச் சிவப்புதான் போலிருக்கிறது என்று நானே கணக்குப் போட்டேன். லோலா வானத்தைப் பார்த்த சுடிதார் அது, அவருக்குக் கடைசியாகக் காட்டிய மாதிரியும் ஆகட்டும் என்று ஒரு நினைப்பு வேறு. ஜரிகையோடு இறங்கிப் போனேன்.

ஜெபம் நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இந்த ஊரில் திட்ட மாட்டார்கள், அதுதான் சங்கடமே. ஒரு கிழவி மட்டும் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். ஜெபம் ஒரு கணம் தடுமாறித் தொடர்ந்தது. தீத்தா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஆத்தே எழுந்து வந்து என் தோளில் ஒரு கறுப்புச் சால்வையைப் போட்டு, தோளை அணைத்தபடி சமையலறைக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே வைத்துத்தான் சொன்னார். சிவப்பு குழந்தைகளுக்கு மட்டும். செத்தவர் ஆசையாய் வளர்த்த பிள்ளைகளைத் தேடி வரக்கூடாது, கனவில் வந்து பயமுறுத்தக் கூடாது என்று காவலுக்குப் போடுவது. பெரியவர்கள் போட்டால் அது கொண்டாட்டம். “லோலா போனதில் உனக்குச் சந்தோஷம் என்கிற மாதிரி” என்று அவர் முடிக்கவில்லை, ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று நாள் ஹாயாவுக்குக் கீழே இறங்கவே இல்லை. அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. சிவப்பு போட்டதை அவர்கள் அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள், மாடியில் ஒளிந்துகொண்டதைத்தான் தீத்தா வெகுநாள் மனதில் வைத்திருந்தார். வெளியூர்ப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டது என்று விடுவார்கள். ஆனால் ஹாயாவுக்கு வந்து உட்காராமல் போவதை அப்படி விட மாட்டார்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு போய் உட்காருங்கள், அழுதால்கூடப் பரவாயில்லை. கண்ணீர் மட்டும் பெட்டியின் கண்ணாடிமேல் விழக்கூடாது என்பார்கள், சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

அந்த மூன்று நாளில் நான் செய்த உருப்படியான காரியம், மால் ஒன்றுக்கு ஓடிப்போய்க் கறுப்பு வாங்கியது. ஒரு கவுன் 1,299 பெசோ, இன்னொன்று 899. மொத்தம் 2,198. அன்றைய கணக்கில் ஒரு பெசோ ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்குப் பக்கம். ஐந்தாம் இரவு கறுப்பில் இறங்கிப் போனால், பாதிப் பேர் வெள்ளையில் இருக்கிறார்கள்! போகோல் தீவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வெள்ளை பனியனும் ஜீன்ஸும். கறுப்பும் சரி, வெள்ளையும் சரி, இரண்டும் கலந்ததும் சரி, சாம்பலும் சரி. கல்லூரிச் சீருடைக்கு உள்ளே போடும் வெள்ளை டீ சர்ட் என்னிடமே ஆறு இருந்தது. பின்னால் தேடிப் படித்தபோது, பிரான்சிஸ்கோ கோலின் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1663இல் வந்த தன் நூலில் மணிலா பக்கத்துத் தகாலோக் மக்களுக்குத் துக்க நிறம் கறுப்பு, போகோல் மாதிரித் தீவுகளின் விசாயா மக்களுக்கு வெள்ளை, விசாயாக்கள் தலையையும் புருவத்தையும்கூட மழித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். முந்நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் அச்சில் வந்த விவரம் தெரியாமல் மூவாயிரம் ரூபாயைத் தொலைத்தேன் என்று என்னை நானே நொந்துகொண்டேன். பிறகு உகாய்-உகாய் கடைகள் பழக்கமாயின. மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணி விற்கும் கடைகள். அங்கே நல்ல கறுப்புக் கவுன் 120 பெசோவுக்குக் கிடைத்தது. துவைத்து, வெந்நீரில் முக்கி, வெயிலில் போட்டால் புதுசுதான்.

சாவு வீட்டு விவகாரத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இங்கே படிக்கும் ஆறு வருடத்தில் ஒரு ஹாயாவுக்காவது போகாமல் யாரும் ஊர் திரும்ப முடியாது. உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், அபுலோய் என்று பெயர், மாணவர்கள் நூறோ இருநூறோ வைத்தால் போதும். கொடுத்ததற்கு அவர்கள் நன்றி சொல்ல மாட்டார்கள், வாசல் வரை வந்து வழியனுப்பவும் மாட்டார்கள், இரண்டும் ஆகாது. நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டேன். நம் ஊரிலும் துட்டி வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ சொல்வோமா? அதே கணக்கு. சாப்பாட்டை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பெட்டி வீட்டில் இருக்கும்வரை கூட்டிப் பெருக்கக் கூடாது. நான் உதவி என்று துடைப்பத்தைத் தூக்கி, தீத்தாவின் தங்கை பிடுங்கி வைத்தார். திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு கடையில் ஏறி இறங்கிவிட்டுப் போவார்கள், பாக்பாக் என்று அதற்குப் பெயர், உதறிவிட்டுப் போவது என்று அர்த்தம். ஆவி பின்னாலேயே வந்துவிடாமல் இருக்க. என் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்துவிட்டு ஒரு கோழிக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு போனார்கள். நான் எங்கே போய் உதற? அதே வீட்டு மாடி. ஆத்தேயிடம் கேட்டேன், அந்த வாரத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடக்கத்தன்று வீட்டார் எல்லாருக்கும் வெள்ளை. குழந்தைகளைப் பெட்டிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கும் அவற்றுக்குச் சிவப்புதான். அதற்கு மறுநாளிலிருந்து தீத்தா கறுப்பு உடுத்த ஆரம்பித்தார். வேலைக்குப் போகும்போது கலர் உடுப்பில் சின்னக் கறுப்பு முள் குத்திக்கொள்வார், வீட்டில் முழுக்கக் கறுப்பு. ஒரு வருடத்துக்கு.

சிவப்பைப் பற்றி எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதனால் ஆகஸ்டில் கடாயவான் திருவிழாவை ஒட்டிக் கல்லூரியில் கலைநிகழ்ச்சி வந்து, என்னைப் பகோபோ என்ற மலைவாழ் இனத்தாரின் உடையில் நிற்கச் சொன்னபோது மனசு திக்கென்றது. முழுக்க இரத்தச் சிவப்பு, மணியும் சிப்பியும் கோத்தது. அம்மா பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாய் என்பாள். சுற்றி எல்லாரும் அழகு என்றார்கள். பகோபோ வம்சத்துத் தோழி ஒருத்தி மட்டும் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எத்தனை பேரைக் கொன்றாய்?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் முழுக்க விளையாட்டு என்று சொல்ல முடியாது. அவர்கள் முன்னோரிடத்தில் மகானி என்ற வீரர் வரிசை இருந்தது. பே-கூப்பர் கோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் டாவாவ் பகுதி மக்களோடு தங்கி 1913இல் எழுதியதைத் தோழியே போனில் காட்டினாள். இரண்டு பேரைக் கொன்றவன் வெள்ளைக் கோலம் போட்ட சாக்லெட் நிறத் தலைத்துணி கட்டலாம். நாலு பேர் என்றால் இரத்தச் சிவப்புக் காற்சட்டை. ஆறு ஆனால்தான் முழுச் சிவப்பு உடையும் அதே நிறப் பையும். சம்பாதித்துப் போட வேண்டிய நிறம். அதை நாங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மேடையில் நடந்துவிட்டுக் கழற்றிப் போட்டோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று எப்போதும் சொல்லவும் மாட்டாள். மலைவாழ் மக்களின் உடையைப் போடச் சொன்னால், அந்த மக்களில் ஒருவர் உங்கள் வகுப்பிலேயே இருப்பார், டாவாவில் அது நிச்சயம். போய்க் கேட்டுவிட்டுப் போடுங்கள். மராவி பக்கத்து மரானாவோ இனத் தோழி ஒருத்தி, லுங்கி மாதிரி மூட்டிய மாலோங் துணியில் மஞ்சள் அந்தக் காலத்தில் சுல்தான் வீட்டாருக்கு உரியது என்று சொன்னாள். இன்றைக்குச் சந்தையில் யாரும் வாங்கலாம், ஆனாலும் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகும்போது நான் மஞ்சளை எடுக்கவில்லை.

அதே திருவிழா நாட்களில்தான் ஒரு பை வாங்கி 850 பெசோவைத் தொலைத்தேன். தெற்குக் கோத்தபாத்தோவில் லேக் செபு என்ற மலையூர் இருக்கிறது. அங்கே டிபோலி இனப் பெண்கள் அபாக்கா என்ற ஒருவகை வாழை நாரில் தினாலக் என்ற துணி நெய்கிறார்கள். மூன்றே நிறம்: நாரின் வெள்ளை, லோக்கோ வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு, க்னாலும் இலையிலிருந்து எடுக்கும் கறுப்பு. கோலங்கள் கனவில் வரும் என்பார்கள், அபாக்காவின் காவல் தெய்வம் பூ டாலு கொடுப்பதாக நம்பிக்கை. லாங் துலாய் என்ற நெசவாளிக்கு 1998இல் நாட்டின் மிக உயர்ந்த நாட்டார் கலை விருது கொடுத்தார்கள். 2015இல் அவர் மறைந்தார். நான் வாங்கிய பையில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் எல்லாம் இருந்தது, தினாலக்தான் இல்லை. பாலியெஸ்டரில் அச்சடித்தது. முதல் மழையில் சிவப்பு என் வெள்ளைச் சீருடையில் இறங்கிவிட்டது. உண்மையானது விறைப்பாக, பாய் மாதிரி, உள்பக்கமும் அதே கோலத்தோடு இருக்கும். முதலில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வெளிறி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அசல் துணியை வெட்டினால் நோய் வரும் என்று அந்த மக்கள் நினைக்கிறார்கள், விற்கும்போது பித்தளை வளையம் கோத்துக் கொடுப்பதும் அதற்காகத்தான். அதனால் துண்டு துண்டாக வெட்டித் தைத்த பை என்றாலே எனக்கு இப்போது கொஞ்சம் யோசனைதான்.

டிசம்பரில் வகுப்புத் தோழியின் அக்காவுக்குக் கல்யாணம். அம்மாவிடம் போனில் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். வெளிநாட்டில் சேலை கட்டிக் காட்டு என்று சந்தன வெள்ளையில் தங்கக் கரை போட்ட சேலையை எடுத்து, மூவாயிரம் ரூபாய் கொடுத்து கூரியரில் அனுப்பிவைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆத்தே எட்டிப் பார்த்தார். பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமை இதற்குள் எனக்குப் பழகிவிட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, “ஓகே ரா நி?” என்று கேட்டேன். இது சரிதானா என்று பிசாயாவில். ஒரு வருடத்துக்கு முன்பே இந்த மூன்று சொல்லைக் கற்றிருக்க வேண்டும். ஆத்தே இல்லை என்று மெதுவாகத் தலையாட்டி, அழைப்பிதழ் எங்கே என்றார். அதன் கடைசிப் பக்கத்தில் ஐந்து நிறச் சதுரங்கள் அச்சிட்டிருந்தன. நான் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். அதுதான் மோட்டிப். பெண் தோழிகளுக்கு ஒரு நிறம், நினாங் எனப்படும் ஞானத்தாய்மாருக்கு ஒரு நிறம், விருந்தாளிகளுக்கு ஒரு நிறம். வெள்ளையும் வெள்ளைக்குப் பக்கத்து நிறங்களும் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் கீழே போட்டும் இருந்தது. முழுக் கறுப்பில் வருவதும் அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் அவர்களும் நாமும் ஒன்று. எனக்கு விதித்திருந்தது மங்கிய பச்சை. இரவு ஏழு மணிக்கு வாடகைக் கவுன் கடையைத் தேடி ஓடி 1,200 பெசோ வாடகை, 500 முன்பணம். தேவாலய வாசல் சேறு கீழ்க்கரையில் பட்டதால் அந்த 500 திரும்பி வரவில்லை. நாலு நாள் முன்னால் கேட்டிருந்தால் உகாய்-உகாயிலேயே பச்சை கிடைத்திருக்கும். சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

பையன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, பாரோங் தகாலோக் ஒன்று இருந்தால் கல்யாணம், பட்டமளிப்பு எல்லாவற்றுக்கும் ஆகிவிடும். வெளிர் சந்தன நிறத்தில் சன்னமாக இருக்கும் அந்தச் சட்டையை உள்ளே விடக் கூடாது, வெளியேதான் விட வேண்டும், உள்ளே வெள்ளைப் பனியன் கட்டாயம். எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் பனியன் இல்லாமல் வந்து, மேடையில் அவர் பூணூல் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. அசல் அன்னாசி நார்த் துணி அக்லான் மாகாணத்தில் கைத்தறியில் நெய்வது, 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, விலை மாணவர்களுக்கு எட்டாது. பாலியெஸ்டர் கலந்தது போதும். ஆள் ஆயுதம் ஒளிக்காமல் இருக்க ஸ்பானியர்கள்தான் உள்ளே தெரியும் சட்டையைப் போடச் சொல்லிச் சட்டம் போட்டார்கள் என்று யாராவது கதை சொல்வார்கள். அப்படி ஒரு சட்டத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாறு படித்தவர்கள். 1953இல் மக்சைசாய் பாரோங்கிலேயே ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார், அது எல்லாரும் பெருமையாகச் சொல்லும் கதை.

2024 பிப்ரவரியில் லோலாவின் வருடத் திதி. இந்தத் தடவை நான் தயார். 2,198 பெசோ கொடுத்து வாங்கியதில் ஒன்றையாவது உருப்படியாக உடுத்துவோம் என்று கறுப்புக் கவுனைத் தேய்த்து, தலையை ஒதுக்கி, அபுலோய் உறைகூட எடுத்துக்கொண்டு காலையில் இறங்கினேன். கூடத்தில் தீத்தா பூப்போட்ட மஞ்சள் கவுனில் நிற்கிறார். ஆத்தே நீலம். போகோல் சொந்தங்கள் பச்சை, ரோஸ், ஆரஞ்சு. சமையலறையில் பன்சித் நூடுல்ஸ் வதங்கும் வாசனை. கூட்டத்தில் கறுப்பில் நின்றது நான் ஒருத்திதான்.

பாபாங் லுக்சா என்று இதைச் சொல்கிறார்கள். துக்கத்தை இறக்கி வைப்பது. ஒரு வருடம் சுமந்த கறுப்பை அன்றைக்குக் கழற்றிவிட்டுக் கலர் உடுத்துவார்கள், அந்த முள்ளையும் எடுத்துவிடுவார்கள். அன்றைக்குப் போய்க் கறுப்பில் நிற்பது, இறக்கி வைத்ததைத் திரும்பத் தூக்கி அவர்கள் தலையில் வைக்கிற மாதிரி. எனக்கு மறுபடியும் அதே உள்ளங்கை வியர்வை. மாடிக்கு ஓடிவிடலாமா என்று திரும்பினேன்.

தீத்தா கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்கு அல்ல. “அந்தச் சிவப்பு இருக்கிறதா இன்னும்?” என்றார்.

இருந்தது. துணிப் பெட்டியின் அடியில், ஒரு வருடமாகத் தொடாமல், அந்துருண்டை வாசனையோடு, மடிப்பு மடிப்பாகக் கசங்கி. தேய்க்க நேரமில்லை, பாதிரியார் வந்துவிட்டார் என்று ஆத்தே கீழிருந்து குரல் கொடுத்தார். அப்படியே போட்டுக்கொண்டு இறங்கினேன். தீத்தா என்னைப் பார்க்கவில்லை. முதலில் ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை என்று தெரிந்த பிறகு திரும்பி, கழுத்து ஜரிகையை விரலால் நீவிவிட்டு, என் கையில் ஒரு தட்டுப் பன்சித்தைக் கொடுத்தார்.